இங்கிலீஷ் மட்டும்

“மியூசியம் சுத்திட்டு பஸ் ஏறுற வரைக்கும் இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ்ல வாயைத் திறந்தா, பஸ்ல எல்லார் முன்னாடியும் பாட்டுப் பாடணும்!” என்றாள் டீச்சர்.

பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிய அந்த இங்கிலீஷ் வகுப்பில் கடைசி பெஞ்ச் மாணவர் ஒரு வெல்டர். இரும்போடு இரும்பை ஒட்டவைக்கிற மனிதருக்கு இங்கிலீஷ் மட்டும் நாக்கில் ஒட்டவே இல்லை. அவர் மனைவியோ முதல் பெஞ்ச்.

பழைய படகுகள் இருந்த கூடத்தில் அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏய், இங்க பாரேன்...”

“இங்கிலீஷ்ல சொல்லுங்க, மானத்தை வாங்காதீங்க” என்று காதைக் கடித்தாள் அவள்.

அவர் திருதிருவென்று விழித்தார். பரீட்சைக்கு வந்தவர் மாதிரி வியர்த்துக் கொட்டியது. ஒருவழியாக, தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

“ஐ ஆம் ஃபைன். தேங்க் யூ.”

தப்பில்லாமல் சொல்லிவிட்டார்! வகுப்பே கைதட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. களைத்துப்போன மனுஷனை அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களோடு அடுத்த கூடத்துக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். ஆம்புலன்ஸ் வந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சர் அவள் தோளைத் தொட்டாள்.

“நெஞ்சு வலிக்குதுன்னு முன்னாடியே ஏதாவது சொன்னாரான்னு டாக்டர் கேக்கறார்மா.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

“நெஞ்சு வலிக்குதுன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது டீச்சர்? நீங்க இன்னும் சொல்லிக் குடுக்கலையே.”