மூலை உடைந்த முத்திரை

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பில் கிழங்கை வேகப் போட்டுவிட்டு மீன் குளங்களைப் பார்க்கப் போனான்.

நான்கு குளங்களிலும் ஆக்சிஜன் அளவு பார்த்து நோட்டில் எழுதினான். மூன்றாம் குளத்தில் காற்றூட்டும் சக்கரம் நின்றிருந்தது. சுவிட்சைத் தட்டினான், சுற்றியது. பால்கெண்டைகளுக்குத் தீனி போட்டான். திரும்பி வந்து வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதியைத் தின்றான். மீதியை மூடி வைத்தான்.

மனைவி பெய்-ஷான் இறந்து பதினாறு நாள்.

இன்று ஊர்த் தலைவர் தேர்தல். அடையாள அட்டையையும், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் பெயர் முத்திரையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜி-யுவான் ஸ்கூட்டரை எடுத்தான்.

கால்வாய்க் கரை வழியாகத்தான் போக வேண்டும். தடுப்புக் கம்பி வளைந்திருந்த இடத்தில் புதுக் கம்பி போட்டிருந்தார்கள். அது மட்டும் பளபளத்தது. தலைவர் குவோ மறுநாளே ஆள் வைத்துப் போட்டது.

மனைவியின் வண்டி பனிமூட்டத்தில் சறுக்கிவிட்டது என்றார்கள். தண்ணீரில் கிடந்தவளை முதலில் பார்த்தவர் குவோ. அவரே இறங்கித் தூக்கினார். போலீசுக்குச் சொன்னதும் அவரே.

போன முறை குவோ ஜெயித்தது இரண்டே ஓட்டில். இந்த முறை அவரை எதிர்த்து நின்ற பெண்ணுக்காகப் பெய்-ஷான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள்.

இறுதிச் சடங்குப் பந்தலில் குவோ அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கிளம்பும்போது உங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"சீக்கிரம் வந்துடறேன்னு சொன்னா."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேட்டார். அதையே சொன்னான். துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் அதையே சொன்னான். சொல்லிச் சொல்லி, அவனுக்கே அது அவள் குரலில் கேட்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் குவோ வீட்டுக்கே வந்தார். இறப்பைப் பதிய அவளுடைய அடையாள அட்டையும் முத்திரையும் வேண்டும், நீ ஏன் அலையணும், நான் பார்த்துக்கறேன் என்றார். ஜி-யுவான் டிராயரைத் திறந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். நன்றி சொன்னான்.

கோயிலை ஒட்டிய சமூகக் கூடத்தில் ஓட்டுச்சாவடி. பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவன் போய் நின்றதும் பேச்சு நின்றது.

மேசையில் ஆசிரியை லியாவ் இருந்தார். பெய்-ஷானுக்கு இரண்டாம் வகுப்பு எடுத்தவர். சாவுக்கு வந்து, ஊதுவத்தி ஏற்றி, நெடுநேரம் அழுதவர். அவன் அட்டையை வாங்கி, பட்டியலைப் புரட்டி, அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

பட்டியலில் வீடு வீடாகப் பெயர்கள். அச்சானபோது பெய்-ஷான் உயிரோடு இருந்தாள். அதனால் அவன் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது.

ஓட்டுப் போட வந்ததற்கு முத்திரை குத்தும் இடத்தில் அவன் கட்டம் காலியாக இருந்தது. அவள் கட்டத்தில் சிவப்பாக முத்திரை விழுந்திருந்தது.

இடது கீழ்மூலை உடைந்த முத்திரை. திருமணத்தைப் பதியப் போன அன்று, அலுவலகப் படியில் அவள் கைதவறிப் போட்டு உடைந்த மூலை.

அவன் அதன்மேல் விரலை வைத்தான். ஆசிரியையைப் பார்த்தான்.

அவர் தலை நிமிரவில்லை. "பெய்-ஷான் காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க," என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "உங்க கட்டத்துல மட்டும் குத்துங்க, தம்பி. குத்திட்டுப் போயிடுங்க."

பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "என்னப்பா, பரீட்சைக்கு வந்த மாதிரி முழிக்கிறே? குத்திட்டு நகரு. வெயில் ஏறுது."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளைச் சுமந்தவர்கள், அவள் படத்துக்கு முன் மும்முறை குனிந்தவர்கள்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அந்தக் காலையில் அவள் வாசலில் நின்று உண்மையில் என்ன சொன்னாள் என்பது. அவன் ஆக்சிஜன் நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே "ம்" என்று சொன்னது.

தன் கட்டத்தில் குத்தினான். சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனான். குவோவை எதிர்த்து நின்ற பெண்ணின் படத்துக்கு மேல் குறியிட்டான். நான்கு மணிக்கு ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி உரக்கப் படிப்பார்கள். அவன் ஓட்டும், அவள் பெயரில் குவோவுக்கு விழுந்த ஓட்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். அந்த வீட்டிலிருந்து யாருமே வராதது போல ஆகிவிடும்.

பிரசாரம் கூடாத முப்பது மீட்டர் கோட்டுக்கு வெளியே, ஆலமரத்தடியில், குவோ டீ குடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"இன்னைக்கு ஆபீஸ் லீவு. திங்கக்கிழமை பதிஞ்சுடலாம். இது இனிமே தேவைப்படாது, நீயே வெச்சுக்க."

அவன் உள்ளங்கையில் பெய்-ஷானின் முத்திரையை வைத்து, விரல்களை மூடிவிட்டார். முத்திரையில் சிவப்பு மை இன்னும் ஈரமாக இருந்தது.

கையை எடுக்கவில்லை. கால்வாய் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு வேற எதுவும் சொல்லலைல்ல, உன் பொண்டாட்டி?"

அவன் திரும்பிப் போகவும் அதே கரைதான். வேறு வழி இல்லை.

"இல்ல, தலைவரே. சீக்கிரம் வந்துடறேன்னு மட்டும்தான்."

அவள் சொன்னது அதுவல்ல. ஹெல்மெட்டை மாட்டி, வாரைக் கழுத்தடியில் பூட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் இல்லாதப்ப குவோ வந்து என் முத்திரையைக் கேட்டா, குடுத்துடாதே."