முதுகுத் தையல்

இறக்கை வெட்டும் ஆஸ்பத்திரியில் என் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், சட்டையின் முதுகில் ஒரு தையல் விட்டது.

நம்ப முடியவில்லை. துணி கிழிந்தாலும் கிழியுமே தவிர அம்மாவின் தையல் பிரியாது என்பது ஊருக்கே தெரியும்.

அம்மா மனுஷி. அப்பா டிராகன். நான் நடுவில் மாட்டிக்கொண்ட ரெண்டுங்கெட்டான்.

மூக்குக்கு மேல் கோபம், சூடான உள்ளங்கை, முதுகில் மடிந்து கிடக்கும் ஒரு ஜோடி இறக்கை. இவை அப்பா வழி. மற்றதெல்லாம் அம்மா. எங்கள் தையல்கடையில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. தைத்து முடித்ததை நான்தான் கையால் அழுத்தித் தேய்ப்பேன். இதுக்காகவே உன்னைப் பெத்தேன் என்று அம்மா கேலி செய்வாள்.

பதினெட்டு முடிந்துவிட்டால், இறக்கையை வெட்டிக்கொண்டு ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் அப்பாவைப்போல மலைக்குப் போய்விட வேண்டும். அப்புறம் ஊருக்குள் தரையிறங்கினால் சுட்டுவிடுவார்கள். அதுதான் சட்டம்.

வெட்டிக்கொள்கிறேன் என்றேன். பறக்க ஆசையில்லாமல் இல்லை. கனவில் பாதி நேரம் வானத்தில்தான் இருப்பேன். ஆனால் அம்மாவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் இஷ்டம் என்றாள். அவ்வளவுதான். எனக்கு வலித்தது.

மறுநாள் அளவெடுத்தாள். முதுகோடு விடாமல், இறக்கையையும் விரிக்கச் சொல்லி அதன் அடியில் டேப்பைச் சுற்றினாள்.

"வெட்டப்போற இறக்கைக்கு எதுக்கும்மா அளவு?"

"தையக்காரி கை சும்மா இருக்காது. நேரா நில்லுடி."

இன்று காலை புதுச் சட்டையைக் கொடுத்தாள். தேய்க்கக் கை நீட்டினேன். வேண்டாம் என்று பிடுங்கி அவளே மாட்டிவிட்டாள்.

யாருக்குச் சட்டை போட்டுப் பார்த்தாலும் அம்மா ஆள்காட்டி விரலைச் சுழற்றுவாள். வாயில் குண்டூசி இருக்கும், பேச முடியாது. திரும்பு, முதுகைப் பார்க்கணும் என்று அர்த்தம். இன்று அதைக்கூடச் செய்யவில்லை. அவசரத் தையல் இருக்கிறது, நீ மட்டும் போ என்றாள்.

பெத்த மனம் பித்து என்பார்கள். என் அம்மாவுக்கு மட்டும் கல் போலிருக்கிறது என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

நர்ஸ் கூப்பிட்டாள். எழுந்தேன். பயத்தில் இறக்கை சிலிர்த்தது. இன்னும் நாலு தையல் விட்டது.

பின்னால் கைவிட்டுத் தடவினேன். நூல் ஒன்று தொங்கியது. இழுத்தேன். ஒரே இழுப்பில் முழு நீளமும் கையோடு வந்துவிட்டது.

ஓட்டுத் தையல். அளவு பார்க்கும்வரை துணியைச் சேர்த்துப் பிடிப்பதற்காக, பிறகு உருவிவிடுவதற்கென்றே போடுவது. நேற்றுத் தொழிலுக்கு வந்தவர்கூட அதோடு ஒரு சட்டையைக் கடையைவிட்டு வெளியே அனுப்பமாட்டார்.

விரல் உள்ளே போனது. இரண்டு திறப்புகள். ஓரத்தை மடித்து, நெருக்கி நெருக்கி, என்றைக்கும் பிரியாதபடி கையாலேயே தைத்திருந்தாள். என் இறக்கைக்குக் கச்சிதமான அளவு.

நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். நான் வாசலுக்கு ஓடினேன்.

எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

எங்கள் வீட்டுக்கு மேலே வந்தபோது, அவசரத் தையல் இருந்தவள் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

இறங்க முடியாது. அவள் தலைக்கு மேலே வட்டமடித்து, அம்மா என்று கத்தினேன். பாதிதான் என் குரல். மீதி யாருடையதோ.

அவள் வாயில் குண்டூசி எதுவும் இல்லை. உதட்டை இறுகக் கடித்திருந்தாள்.

ஆள்காட்டி விரலை மேலே தூக்கிச் சுழற்றினாள்.

திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டினேன். மலை அந்தப் பக்கம்தான் இருந்தது.