மடிக்காத பாராசூட்

பயிற்சிக்குப் போன பழைய போர் விமானம் விழுந்து எரிகிறது என்று கேட்டதும் பாராசூட் மடிப்பவள் பதறி எழுந்தாள். அதை ஓட்டிப் போனவன் அவள் தம்பி. அந்த விமானத்துக்கென்று இருந்த ஒரே பாராசூட் இன்னும் மடிக்கப்படாமல் அவள் மேசைமேல் குவிந்து கிடந்தது. இது இல்லாமல் எப்படிப் பறக்கப் போனான்?

சற்று நேரத்தில் தம்பியே உள்ளே வந்தான். உடையெல்லாம் புழுதி, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, நீ மடிச்சு வெச்சது அம்சமா விரிஞ்சுது. இல்லேன்னா இந்நேரம் நான் கரிக்கட்டைதான்."

அவள் சட்டென்று மேசையை மறைத்து நின்றுகொண்டாள். அந்தப் பாராசூட் அவன் கண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? தொண்டை வறளுது, தண்ணி குடு."

"வெளியில போய்க் குடிடா."

"உனக்குப் பின்னாடிதானே பாட்டில் இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அவன் மேசையைச் சுற்றி வந்தான்.