அணில் அனுப்பிய டிரைவர்

"ஏழாவது தடவையும் திருப்பி அனுப்பப் போறியா? பாவம்மா அவர்! அவ்வளவு மோசமாவா எழுதியிருக்கார்?"

பட்டாணி உரித்துக்கொண்டே மாமியார் கேட்டார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இயந்திரங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேஜையின் மறுமுனையில் இருந்த மருமகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மோசமா இருந்தா முதல் தடவையே தூக்கிப் போட்டிருப்பேன் அத்தை. அழகா எழுதியிருக்கார். அதனாலதான் விட மனசில்லாம பார்த்துக்கிட்டே இருக்கேன்."

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, கணினிகளை இயக்குவதற்காக எழுதும் புதிய இயங்குதளம் அது. அதன் அடித்தளமான கெர்னலுக்குள் உட்கார்ந்து, கணினியை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டை வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஆனால் மருமகள் வரி வரியாகப் படித்து, அடியில் தன் பெயரைப் போட்டால்தான் உள்ளே சேரும். இந்த டிரைவரை அனுப்பியவரின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'அணில்'.

"முதல் ஆறு தடவை சொன்னதையெல்லாம் அணில் சார் சரி பண்ணிட்டார். இந்தத் தப்பு இன்னைக்குக் காலையிலதான் கண்ணுல பட்டுது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

"நெட்வொர்க்கை ஆஃப் பண்ணும்போது கார்டைப் பார்த்து 'நிறுத்து'ங்கறார். அடுத்த வரியிலேயே அது வச்சிருந்த மெமரியைத் திருப்பிக் குடுத்துடறார். கார்டு நின்னுச்சான்னு பார்க்கவே இல்லை."

"நிறுத்துன்னா நின்னுடாதா?"

"உங்க பையன்கிட்ட டிவியை நிறுத்துங்கன்னா உடனே நிறுத்தறாரா?"

மாமியார் சிரித்துவிட்டார். "சரி, நிக்கலைன்னா என்ன ஆகும்?"

"வீட்டைக் காலி பண்ணி வேற குடும்பத்துக்கு விட்டாச்சு. தபால்காரருக்கு விஷயம் தெரியாது. அவர் பாட்டுக்குப் பழைய ஆளோட கடிதத்தை ஜன்னல் வழியா வீசறார். அது புதுக் குடும்பத்தோட சாப்பாட்டுத் தட்டுல விழுது. ஆயிரம் தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணிப் பார்த்தேன். ஒரு தடவை மெஷின் அப்படியே உறைஞ்சுடுச்சு."

"ஆயிரத்துல ஒண்ணுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"அந்த ஒண்ணு ஏதாவது ஆஸ்பத்திரில நடந்தா?"

மாமியார் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள். இயங்குதளக் குழுவின் தலைமைப் பொறுப்பாளரின் குரல் எண்ணெயில் விழுந்த கடுகாய் வெடித்தது.

"இன்னுமா முடியலை? அஞ்சு மணிக்குப் புதுப் பதிப்பை மூடறோம். இந்தக் கார்டு வேலை செய்யும்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்போ உன் பெயரைப் போட்டு உள்ளே விடு. தப்பை அப்புறம் பார்த்துக்கலாம்."

"முடியாது சார்."

"அப்போ நாளையிலேருந்து உன் இடத்துல வேற ஒருத்தர் உட்காருவார். யோசிச்சுக்கோ!"

போன் அணைந்தது. மூன்று வருட உழைப்பில் கிடைத்த இடம்.

"போட்டுத் தொலையேன்" என்றார் மாமியார் மெதுவாக. "வேலை போயிட்டா என்ன பண்ணுவ? உலகத்துல யாரு இதையெல்லாம் துருவிப் பார்க்கப் போறா?"

"அடியில இருக்கப் போறது என் பேராச்சே அத்தை."

மருமகள் மறுப்பை எழுதினாள். காரணத்தை நாலு வரியில் விளக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

மாமியார் ஒரு கணம் அவளையே பார்த்தார். பட்டாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

'கோபம் போலிருக்கு. பெரியவங்க பேச்சைக் கேட்டிருக்கலாமோ' என்று மருமகளுக்கு உறுத்தியது. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் வந்து விழுந்தது.

'மறுப்பு நூற்றுக்கு நூறு சரி. என் கணினியிலும் சோதித்தேன். நானூறாவது தடவை உறைந்துபோனது. தவறு என்னுடையது. டிரைவரை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதைக் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கம். - அணில்.'

மறுநிமிடமே போன். தலைமைப் பொறுப்பாளரின் குரலில் இப்போது கடுகும் இல்லை, எண்ணெயும் இல்லை.

"எழுதினவரே ஒத்துக்கிட்டப்புறம் நான் என்னம்மா சொல்றது? நல்லவேளை, காப்பாத்தினே. நீயே அந்த இடத்துல இரு. நான் பேசினதை மனசுல வச்சுக்காதே."

மருமகள் குதித்துக்கொண்டு ஓடினாள். மாமியாரின் அறைக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அத்தை! அணில் சார் எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கிட்டார்! என் வேலை போகலை! எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்க!"

கதவு பாதி திறந்தது. மாமியாரின் முகம் பூரித்துக் கிடந்தது.

"என் மருமகளா, கொக்கா! ஒருத்தரோட மிரட்டலுக்கும் மசியலை, என் பேச்சுக்கும் மசியலை. போ, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை நீ. முதல்ல ஏதாவது வயித்துக்குப் போடு. நான் இதோ வரேன்."

மருமகள் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு, போர்வைக்கடியில் ஒளித்துவைத்த மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் அணில். சொந்தப் பெயரில் அனுப்பினால், குடும்பத்தார் எழுதியதைப் பார்க்கக் கூடாது என்று மருமகள் ஒதுங்கிவிடுவாள், அப்புறம் இப்படியொரு கண்ணுக்கு எங்கே போவது? எட்டாவது தடவையாவது அவளிடம் தேறிவிட வேண்டும்!