அறை வெப்பநிலை

ஆய்வகத்தின் ஐந்து சன்னல்களையும் முத்துசெல்வி அடைத்தாள்.

"எம்மா, ஊரே சாரலுக்குச் சன்னலைத் திறந்து போட்டிருக்கு. நீ அடைக்கியே, காய்ச்சலா?" என்றார் ஆய்வக உதவியாளர் பீர் மைதீன்.

"எனக்கில்ல அண்ணாச்சி, இந்தக் குடுவைக்கு. அதுக்கு முப்பத்தெட்டு டிகிரி வேணும்."

மணி ஒன்று. பெயரில்லாமல் வந்த ஒரு புகார்க் கடிதத்தின் பேரில் மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடும். உடன் ஆய்வு செய்யும் நூர்நிஷாவின் ஆய்வு நோட்டில் இருப்பது இட்டுக்கட்டியது என்று முடிவானால், அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடும். அதுவரை அவள் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது.

நோட்டில் இருந்தது எளிய வேலைதான். வெள்ளி நைட்ரேட் கரைசலில் நெல்லி இலைச் சாற்றை ஊற்ற வேண்டும். சாறு வெள்ளி அயனிகளை வெள்ளி அணுக்களாக மாற்றும். அணுக்கள் கூடிக்கூடி நானோ துகள்களாகும். துகள் பிறந்துவிட்டதற்கு அடையாளம், கரைசல் பழுப்பாவது.

'அறை வெப்பநிலை, ஒரு மணி நேரம்' என்று நூர்நிஷா எழுதியிருந்தாள்.

முத்துசெல்வி பதினோரு முறை செய்து பார்த்துவிட்டாள். புதிதாக இலை பறித்தாள். காய்ச்சி வடித்த நீரை மாற்றினாள். ஒரு மணி நேரம் கழித்தும் கரைசல் வெளிறிய மஞ்சளாகவே நின்றது.

இன்று காலைதான் அந்தப் பக்கத்தின் மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். ஏப்ரல் 29.

தென்காசியில், ஏப்ரலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, இந்த அறை முப்பத்தெட்டைத் தொடும். இப்போது ஜூலை. குற்றாலத்துச் சாரல் உள்ளே வந்து போகிறது. சுவரில் இருந்த வெப்பமானி இருபத்துநான்கு காட்டியது.

இரண்டுமே அறை வெப்பநிலைதான்.

சூட்டில் அணுக்கள் வேகமாக உருவாகும். ஒரே சமயத்தில் ஏராளமான துகள்கள் கருக்கொள்ளும். குளிரில் அதே வேலை, அதே பொருட்கள். ஆனால் ஒரு மணி நேரம் போதாது.

ஒரே கரைசலை இரண்டு குடுவைகளில் பிரித்தாள். ஒன்றை மேசையில் வைத்தாள். மற்றதை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினாள். தொட்டி ஆற ஆற, கெட்டிலில் இருந்து வெந்நீர் ஊற்றினாள். வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இருபதாவது நிமிடத்தில் தேன் நிறம் வந்தது.

ஒரு மணி நேரத்தில் நல்ல பழுப்பு. மேசைக் குடுவை அப்படியே மஞ்சளாக இருந்தது. பீர் மைதீன் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

முத்துசெல்வி கைப்பேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே நூர்நிஷா பேசினாள்.

"சொல்லுட்டி. எனக்காக நீ ஒருத்திதான் மல்லுக்கட்டுத. வந்துச்சா?"

"வந்துட்டு. மூணு மணிக்குள்ள வந்துரு." நோட்டை மூடி வைத்தாள். "நிஷா, எனக்கு வரலன்னதும், உன் நோட்டு பொய்யின்னு பேர் போடாம லெட்டர் எழுதிப் போட்டது நான்தான். அங்கன கமிட்டிக்காரங்க முன்னாலயும் சொல்லிருதேன்."