பூந்தொட்டியில் கவிழ்ந்த கிளாஸ்

முதலில் தப்பு செய்தது என் தங்கை வீட்டுக்காரர்தான். அதை எழுதிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்தே தலை நரைத்தவர். அதனால் நாக்கு விஷயமும் தனக்குத்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், என் மகள் கல்யாண விருந்து. என் தோட்டத்துத் திராட்சையில் நானே போட்ட முதல் வெள்ளை ஒயின். எல்லோருக்கும் என் கையாலேயே ஊற்றினேன். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். மீதியைப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் கவிழ்த்தார்.

“கலப்பினத் திராட்சையில ஒயின் வராது மச்சான். இருமல் மருந்துதான் வரும்!”

நாற்பது பேர் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். அந்தக் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறேன்.

கலப்பினம் என்றால் கேவலமா? பனிக்கும் பூஞ்சைக்கும் அசராத காட்டுக் கொடி ஒன்று. ருசியில் ராணி, ஆனால் தும்மினால் படுத்துவிடும் நல்ல கொடி ஒன்று. இரண்டுக்கும் பிறந்த பிள்ளை அது. என் சரிவு நிலத்தில் வேறெதுவும் பிழைக்காது. சாறு நுரைத்துப் பொங்கும்போது, சர்க்கரை முழுக்கத் தீர்வதற்குள் குளிரவைத்து நிறுத்திவிடுவேன். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை இனிப்பு. பின்னாலேயே எலுமிச்சைப் புளிப்பு வந்து அதைத் துடைத்துவிடும்.

எனக்கு வேண்டியது இரண்டே வார்த்தை. ‘நல்லா இருக்கு.’ நாலு பேர் முன்னால், அவர் வாயால். அதைக் கேட்காமல் நான் சாவதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

“அவரோட சிநேகிதங்க வர்றாங்க. பழசைக் கிளறாம சும்மா இருண்ணே.”

“நான் என்னிக்குக் கிளறினேன்?” என்றேன். பையில் என் பாட்டில் ஒன்று இருந்தது.

அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் மாப்பிள்ளையின் கௌரவ பாட்டில் நின்றது. நீளக் கழுத்து, தங்க எழுத்து, கடல் தாண்டி வந்தது. விருந்தாளி வந்தால் அந்த லேபிள்தான் மேசைக்கு வரும். எனக்கு மட்டும் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. “உங்களுக்குப் பிடிக்காது மச்சான்” என்று பாட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திவிடுவார்.

எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் நுழைந்தேன். கார்க்கைத் திருகி எடுக்கும் கருவியைத் தேடினேன். தேவைப்படவில்லை. விரலால் இழுத்ததுமே வந்துவிட்டது. பெரிய இடத்துக் கார்க் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

தூ! பாத்திரம் கழுவின தண்ணீர். இதற்கா இந்தப் பவிசு?

மொத்தத்தையும் சிங்கில் கொட்டினேன். என் ஒயினை அதில் ஊற்றி, கார்க்கை அழுத்தி வைத்தேன்.

“என்னண்ணே பண்றே?” தங்கை எட்டிப் பார்த்தாள்.

“தாகம்மா. தண்ணி குடிச்சேன்.”

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை தானே, என்னைத் தவிர எல்லோருக்கும் ஊற்றினார். கிளாஸைச் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடி ஒரு வாய் விட்டுக்கொண்டார்.

“நல்லா இருக்கு.”

“பேரிக்காய் வாசம் வருது பாருங்க!” என்றார் அவர் சிநேகிதரான கண் டாக்டர். “ராஜ வம்சத் திராட்சைன்னா சும்மாவா?” அவர் மனைவி அதற்குள் இரண்டாவது கிளாஸுக்கு நீட்டிவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். ஒன்பது வருஷம் ஒத்திகை பார்த்த பேச்சு.

“மாப்பிள்ளை! நீங்க இப்ப குடிச்சது என் தோட்டத்து இருமல் மருந்து! உங்க ராஜ வம்சத்தை நான்தான் சிங்க்ல கொட்டினேன். ஒரு வாய் குடிச்சும் பார்த்தேன். கொப்பளிக்கக்கூட லாயக்கில்லை! லேபிளைப் பார்த்து மயங்குற ஆளுக்கு நாக்கு எதுக்கு?”

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைக் கண்குளிரப் பார்த்தேன்.

தங்கைதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“அண்ணே… அந்தப் பாட்டில்ல இருந்த அசல் சரக்கு எட்டு வருஷத்துக்கு முன்னாடியே தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் இவர் அதுல நிரப்புறதெல்லாம் உன் ஒயினைத்தான். நீ சரக்கு போடுற கடைக்கே ஆள் விட்டு, பெட்டி பெட்டியா வாங்குறார். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கியிருக்கார்!”

கண் டாக்டர் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். “அப்ப, எட்டு வருஷமா நாங்க…?” அவர் மனைவி மட்டும் குடிப்பதை நிறுத்தவில்லை.

“உங்க லேபிளோட வச்சா இவங்க யாரும் தொட மாட்டாங்க மச்சான்,” என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். அப்புறம்தான் அவருக்கு ஏதோ உறைத்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. “ஆமா, கொப்பளிக்கக்கூட லாயக்கில்லைன்னு சொன்னீங்களே, அது எது?”

“பாட்டில் மாத்தினா ருசி கெட்டுப்போகும்,” என்றேன்.

“இருக்கும், இருக்கும். கல்யாணத்துல நான் ஒரு கிளாஸைத்தான் கொட்டினேன். இன்னிக்கு நீங்க ஒரு பாட்டிலையே கொட்டியிருக்கீங்க!”

மேசையே சிரித்தது. நல்லவேளை, சம்பந்தி வரவில்லை.

யார் எவ்வளவு கொட்டினால் என்ன? அவர் ‘நல்லா இருக்கு’ என்று சொன்னது தங்க எழுத்து லேபிளைப் பார்த்து. என் லேபிளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.