காலருக்குள் ஒரு நம்பர்

“மூக்கை இறுக்கிப் பிடிச்சீங்களா? அப்ப ஊதுங்கக்கா!”

ஸ்பீக்கரில் போட்ட செல்போன் குளியலறைச் சோப்புப் பெட்டிமேல் சாய்ந்திருந்தது. ஈரத் தரையில் தம்பி மல்லாந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் காலி ஊசி.

தையல்காரி குனிந்து அவன் வாயில் ஊதினாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப் அவன் முகத்தில் புரண்டது. பிடுங்கி எறிந்தாள்.

“நெஞ்சு ஏறுதா?”

“இல்லையே டாக்டர்!”

“தலையைப் பின்னால சாய்ச்சுத் தாடையைத் தூக்குங்க. இப்ப?”

“ஏறுது... ஏறுது!”

“அவ்ளோதான். அஞ்சு எண்ணுங்க, ஒரு ஊது. மறுபடி அஞ்சு, ஒரு ஊது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?”

“இருபது நிமிஷமாகுமாம்.”

“ஆகட்டும். அதுவரைக்கும் உங்க மூச்சுதான் அவன் மூச்சு.”

தெருவில் நின்ற தம்பியைப் போலீஸ் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டுபோய், பத்து மாதம் போதை முகாமில் பூட்டி வைத்திருந்தார்கள். விட்டு மூன்று நாள்தான் ஆகிறது. வந்த அன்றே அவன் சட்டைக் காலரில் ஒரு கோணல் தையலைப் பார்த்தாள். தையல்காரி கண் சும்மா இருக்குமா? பிரித்தாள். உள்ளே துண்டுச் சீட்டு. ‘மூச்சு நின்றால் கூப்பிடவும்’ என்று எழுதி, கீழே ஒரு நம்பர். முகாம் டாக்டர் யாரோ நல்ல மனுஷன், மேலிடத்துக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, தையல் மெஷின் பாபின் டப்பாவில் போட்டு வைத்தாள். இப்போது அந்த நம்பரைத்தான் கூப்பிட்டிருந்தாள்.

“பத்து மாசம் தொடவே இல்லையே டாக்டர்! குணமாயிட்டான்னு நெனச்சேன்.”

“பூட்டி வெச்சா பூட்டுதான் தேயும்க்கா. உடம்பு பழசை மறந்துடுச்சு, கை மறக்கலை. அதே பழைய அளவை ஏத்திக்கிட்டான். ஊதுங்க!”

ஊதினாள். எண்ணினாள். நடுவில் திட்டினாள். “டேய் எருமை! நேத்துதானேடா புதுச்சட்டைக்கு அளவெடுத்தேன்! யாருடா போடுவா அதை?”

“நல்லாத் திட்டுங்க. காதுல விழும்.”

சட்டென்று குரல் தணிந்தது. “கொஞ்சம் பேசாம இருங்க. ஊதறதை மட்டும் நிறுத்தாதீங்க.”

போனில் பாத்திரம் உருளும் சத்தம். பூட்ஸ் காலடி நெருங்கியது, நின்றது, விலகியது.

“டாக்டர்! டாக்டர், எங்க போனீங்க?”

“இருக்கேன், இருக்கேன். ரவுண்ட்ஸ் வந்தாங்க. நகத்தைப் பாருங்க, நீலம் குறையுதா?”

குறைந்திருந்தது. அடுத்த ஊதலில் தம்பியின் தொண்டை கரகரத்தது. இருமினான். தானாக ஒரு மூச்சை இழுத்தான். பிறகு இன்னொன்று. இமை பாதி திறந்தது.

“அக்கா... வெங்காயம் தின்னியா?”

அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதே கையால் அவன் தலையை மடியில் அள்ளிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“பேசிட்டானா? அடிங்க, நல்லா அடிங்க!” போனிலும் குரல் உடைந்தது. “ஒருக்களிச்சுப் படுக்க வைங்கக்கா. திரும்ப மயங்கலாம், கண்ணை எடுக்காதீங்க. ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட ஊசியை மறைக்காமச் சொல்லிடுங்க.”

தெருமுனையில் சைரன் கேட்டது.

“நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நேர்ல வந்து கால்ல விழுறேன்.”



“டாக்டரா? நான் அவனுக்குப் பக்கத்துப் பாயில படுத்தவன்க்கா. முகாம் சமையல்கட்டுல அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்ச போன் இது. மாட்டினா இன்னும் ஆறு மாசம் உள்ளதான்.”

தையல்காரி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கிழமை என்னை விடுறாங்க. எனக்கு அக்காவும் இல்லை, யாரும் இல்லை.” குரல் இன்னும் தணிந்தது. “உங்க நம்பரைச் சொல்லுங்கக்கா, என் காலர்ல தைச்சுக்கறேன்.”